புல்லா, வானமா

வெருலத்தில் வேன் ஏறுவது மாலை ஐந்தரைக்கு.
கரும்புக்கும் விமான நிலையத்துக்கும் நடுவே
ஜன்னலில்லாத தொழிற்கூடம்.
ஒரு ராத்திரிக்கு முந்நூற்றுச் சொச்சம் திரைகள்
என் முன்னால் நின்று நின்று போகும்.
படம் பார்ப்பதல்ல என் வேலை.
படம் வருவதற்கு முன்னால் பார்ப்பது.

முதலில் சிவப்பு மட்டும், எட்டு நொடி.
பிறகு பச்சை. பிறகு நீலம். வெள்ளை.
கடைசியில் கறுப்பு.
அந்தக் கறுப்புக்குத்தான் எனக்குச் சம்பளம்.

பின்னாலிருக்கும் விளக்குகள் அணைவதே இல்லை.
பால்நிறத் தாள் ஒன்று
அவ்வளவு வெளிச்சத்தையும் வாங்கிச் சமமாய்ப் பரப்பும்.
அதன்மேல் ஒரு சல்லடை, கோடெல்லாம் நெட்டில்.
எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று, கோடெல்லாம் குறுக்கில்.
முதலாவதில் நுழைந்தது இரண்டாவதில் முட்டி நிற்கும்.
நடுவே, இரண்டு கண்ணாடிக்குள்,
தண்ணீரென்றும் கல்லென்றும் சொல்ல முடியாத
படிகக் குழம்பு.
மின்சாரம் தொடாதவரை அதன் துணுக்குகள்
விறைத்து நிற்கும். நின்றால் இருட்டு.
தொட்டால் சாயும்.
சாய்ந்த அளவுக்கு வெளிச்சம் உடம்பைத் திருப்பி
குறுக்குக் கோட்டில் புகுந்து
வெளியே வரும்.

எழுபத்தாறு வரை
டெலிவிஷனை நாட்டுக்குள் விடவில்லையாம்.
கறுப்புத் திரை முன் நிற்கையில் அது ஞாபகம் வரும்:
விளக்கு இல்லாமல் அல்ல.

எண்பது லட்சம் புள்ளி, ஒவ்வொன்றிலும் மூன்று வாசல்.
யார் எவ்வளவு சாய்வது என்று
நொடிக்கு அறுபது தரம் உத்தரவு.
அங்கே எதுவும் ஓடுவதில்லை.
பந்து ஓடுகிறது என்று நீங்கள் எழுந்து கத்துவது
இந்தப் புள்ளி விட்ட சொல்லை
அந்தப் புள்ளி பிடித்துக்கொள்வது.

பக்கத்து மேசையில் நொம்பிலோ.
அவள் மொழியில் பச்சைக்கும் நீலத்துக்கும் ஒரே சொல்.
மூடாத வாசல் ஒன்று கண்ணில் பட்டால்
"லுஹ்லாசா!" என்பாள்.
"புல்லா, வானமா?" என்பேன்.
"புல்."
அட்டையில் எழுதுவேன்: பச்சை, ஒன்று, இடது மேல் மூலை.
இரண்டு வரை மன்னிப்பு உண்டு. அனுப்பிவிடுவோம்.
லேடிஸ்மித்தில் யாரோ ஒருத்தி
தூசி என்று நினைத்து
சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே இருப்பாள்.

போன வியாழன் யாரோ
சோதனைக்குக் காவடிப் படம் போட்டிருந்தார்கள்.
ஆற்றங்கரை முழுக்க மஞ்சள் வேட்டி, மஞ்சள் சேலை.
சும்மா இருக்க முடியாமல் லென்ஸை ஒட்டிவைத்தேன்.
மஞ்சள் இல்லை.
சிவப்பும் பச்சையும் தோளோடு தோள் நின்றன,
நீலம் கதவடைத்திருந்தது, அவ்வளவுதான்.
லென்ஸை எடுத்தால் மஞ்சள்.
வைத்தால் இல்லை.
இத்தனை பேர் உடுத்தியது
என் கண்ணுக்குள் அரைபட்ட மஞ்சளா?

நொம்பிலோவைக் கூப்பிட்டேன்.
குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள்.
"அப்படியானால் இதைச் செய்வது யார்?"
"நாம் இரண்டு பேரும்தான்."
"அதற்குத் தனிச் சம்பளம் உண்டா?"

அன்று விடிகாலை, கடைசித் திரை
சிவப்பிலேயே உறைந்துவிட்டது.
கம்பி கழன்றிருக்கும்.
டெக்னீஷியன் லோகநாதன் மூட்லி
டீயை முடித்துவிட்டு வரும்வரை
அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேனில் கண்ணை மூடினால்
இமைக்குள் ஒரு செவ்வகம் மிதக்கிறது.
சிவப்பு அல்ல,
சிவப்பு தேய்ந்துபோன இடத்தின் நிறம்.
பச்சை என்றால் இல்லை. நீலம் என்றாலும் இல்லை.
புல்லுமில்லை, வானமுமில்லை.
என் மொழியில் துழாவிப் பார்க்கிறேன்.

தோளில் சாய்ந்து தூங்குகிறாள் நொம்பிலோ.
அவளிடம் அதற்குச் சொல் இருக்கிறது.
எழுப்பவில்லை.