வளைவு

மாத்தோ க்ரோசோவில் பிப்ரவரி.
சோயா காய்ந்து நிற்கிறது
ஒரே உயரம், ஒரே பழுப்பு,
படிய வாரிய தலை.
கம்பெனி நாட்காட்டிக்கு ஒரு படம் வேண்டுமாம்:
பன்னிரண்டு அறுவடை இயந்திரங்கள்
கொக்கு வரிசைபோலச் சாய்வாக,
பின்னால் பன்னிரண்டு தூசி வால்கள்.
"வானம் மூன்றில் ஒரு பங்கு போதும்,"
என்றார் க்லோவிஸ் சானோட்டோ.
"வானத்துக்கு நான் காசு கொடுக்கவில்லை."

ட்ரோனை ஏவினேன்.
நூற்றிருபது மீட்டரில்
நிலம் நிலமாக இருப்பதை விட்டுவிடுகிறது,
கட்டிலில் விரித்த துணி.
எல்லாம் சரியாக வந்தது
அந்த மரத்தைத் தவிர.

ஒற்றைக் கஸ்தான்யெய்ரா.
வெட்டக் கூடாதென்று சட்டம்.
சுற்றியிருந்த காட்டைப் பற்றிச்
சட்டம் அவ்வளவு கண்டிப்பாக இல்லை போலும்.
இன்னும் பூக்கிறதாம்,
வந்து தொடத் தேனீதான் இல்லை.

ஏழாவது இயந்திரம் வால்தெசீருடையது.
மரத்தை நெருங்கியதும் விலகினார்,
அவருக்காக எட்டும் ஒன்பதும் விலகின.
எட்டு மீட்டர் போதும் என்கிறது செயற்கைக்கோள்.
அவர் இருபது எடுத்துக்கொள்கிறார்.
ஏனென்று கேட்டேன்,
டயர் நிழலில் சோறும் கருப்பு பீன்ஸும் தின்றுகொண்டிருந்தபோது.
"வேர்," என்றார்.
மென்று முடித்து,
"வேர் மட்டுமில்லை."
அதற்குமேல் சொல்லாமல்
ஏசி அறைக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

குயாபா அலுவலகத்தில் மரத்தை நீக்கினார்கள்.
ஸூலெய்டெ வேலையில் கெட்டிக்காரி.
மரத்தின் நிழலையும் மறக்காமல் நீக்கினாள்,
உச்சிக் கிளையிலிருந்த கராகராப் பருந்தை,
நான்கே புள்ளிகளாய் விழுந்திருந்த அதன் நிழலை.
பக்கத்துச் சோயாவை நகலெடுத்து ஓட்டையை மூடினாள்.
ஒரு செடிக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது,
அப்படித் தெரியாமலிருக்கத்தானே
இத்தனை செலவு.

தடத்தை யாரும் கவனிக்கவில்லை.

விதைக் கடையில், வங்கியில்,
லாரி எடை போடும் கூண்டில்
மார்ச் மாதமாகத் தொங்குகிறது என் படம்.
வானம் மூன்றில் ஒரு பங்கு.
கீழே, அறுத்த கோடு மூன்று
நேராக வந்து,
ஒன்றுமில்லாத ஒன்றைச் சுற்றி
இருபது மீட்டர் மரியாதை விட்டு,
மறுபடி நேராகப் போகின்றன.

நேற்று பல் மருத்துவரிடம் போயிருந்தேன்.
அங்கும் மார்ச்.
பக்கத்து நாற்காலிக்காரர்
தாடையைப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்தார்.
"அந்த இடத்தில் என்ன, பள்ளமா?"
என்று என்னைக் கேட்டார்.

எனக்கு ஊசி போட்டிருந்தார்கள்.
வாய் மரத்திருந்தது.