முள்ளெலி

டெட்லெஃப் வருஷாவருஷம் செய்வதுதான்.
பச்சைப் பன்றிக்கறியை நைய அரைத்து
உப்பும் மிளகும் பிசைந்து
தட்டில் ஒரு முள்ளெலியைப் படுக்கவைப்பார்.
வெங்காயச் சீவல் முள்.
கண்ணுக்கு இரண்டு ஆலிவ்.
யாருக்குப் பிறந்தநாள் என்றாலும்
செல்லே நகரத்து எங்கள் அச்சுக்கூடத்தில்
ஒன்பதரை மணிக்கு
அதன் முதுகில்தான் முதல் கத்தி.

இன்று எனக்கு ஐம்பத்திரண்டு.
என் சிறுநீரகம் வந்து பதினோரு மாதம்.
முன்பு யாரிடம் இருந்தது என்று சொல்லமாட்டார்கள்.
அந்த ஆளும் காலையில் ரொட்டியைப் பிளந்து
இதைத்தான் அப்பித் தின்றாரோ என்னவோ.

காலை எட்டு, இரவு எட்டு: மாத்திரை.
வந்தவரை வெளியே தள்ளிவிடாதிருக்க
வாசல்காவலைத் தினம் இருமுறை தூங்கவைக்கிறேன்.
தூங்குகிற காவலுக்கு
விருந்தாளி யார், திருடன் யார்?

ஹனோவரில் டாக்டர் ஓஸ்டர்காம்ப்
குரலை உயர்த்தாமல் சொன்னார்:
மற்றவர்களுக்கு வந்தால்
பெரும்பாலும் வந்த சுவடு தெரியாமல் போய்விடும்.
உங்களுக்கு வந்தால் தங்கிவிடலாம்.
வலிக்காது. கண்கூட மஞ்சளாகாமல் இருக்கலாம்.
ஈரல் மட்டும் உள்ளுக்குள் இறுகிக்கொண்டே போகும்,
மூட மறந்த ரொட்டிபோல.
பிறகு ஒரு தாள் கொடுத்தார்.
பச்சைப் பன்றிக்கறி, வேகாத ஈரல் குழல்கறி,
நடுவில் சிவப்பு மாறாத காட்டுப்பன்றி, மான், சிப்பி.
நான் கேட்டது ஒன்றுதான்:
புகைபோட்டுக் காயவைத்தது?
"புகை சமையல் இல்லை, அம்மா."

டெட்லெஃப் முதல் துண்டை எனக்கு நீட்டினார்.
வேண்டாம் என்றேன்.
"இன்று காலையில் அரைத்தது. என் மச்சான் கடை."
புதுசா பழசா என்பதல்ல சங்கதி.
நல்ல பன்றியின் நல்ல கறியில்
அதுவும் நலமாகவே இருக்கும்.
இதை எப்படிச் சொன்னாலும்
மச்சானைத் திட்டியதாகத்தான் விழும்.

சொன்னேன்.
யாரோ காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்கள்.
"ஒரே ஒரு வாய்?" என்றாள் ஃப்ராவ்கெ.
ஒரு வாயும் வாய்தான்.

டெட்லெஃப் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.
கோபம் என்று நினைத்தோம்.
பின்கட்டில் வெண்ணெய் சீறியது.
போய்ப் பார்த்தால்
முள்ளெலி வாணலியில் உருக்குலைந்து கிடக்கிறது,
முட்கள் பழுப்பேறி வளைகின்றன.
"எவ்வளவு நேரம்?" திரும்பாமல் கேட்டார்.
"நடுவரை வேகணும்."
"வெந்துவிட்டதே."
"இன்னும்."
முப்பது வருஷமாகச் செய்ததை
அவர் கையாலேயே அவர் காய்ச்சிக்கொண்டு நின்றார்.

பச்சையைத் தொட்ட கரண்டியாலேயே
அள்ளப் போனார்.
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
அதைத் தொட்டியில் போட்டார், கை கழுவினார்,
சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம்,
வேறு கரண்டி எடுத்தார்.

சுவையா? சுமார்தான்.
கொஞ்சம் காய்ந்துவிட்டது.
இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றேன்.
ஆலிவ் கண்கள் இரண்டும்
குப்பைக்கூடையிலிருந்து
எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.