உறை

இருபத்தெட்டாம் நாள் தாயைப் பிரித்தேன்.
இருபத்தொன்பதில் கழிச்சல்.
பன்னிரண்டு குட்டி. பன்னிரண்டு வாலடியிலும்
மஞ்சள் தண்ணீர்.

குண்டடத்துக்குத் தெற்கே எங்கள் செட்டு.
கம்பெனிக்காரன் குஞ்சு விடுவதை நிறுத்திய பிறகு
கோழி இருந்த இடத்தில் வெண்பன்றி.
அதிலிருந்து நங்கையாள் எங்கள் வீட்டில்
கை நனைப்பதில்லை.
வாசலில் கார் நிற்கும். கண்ணாடி பாதி இறங்கும்.
தம்பியை விசாரிக்கும்.
மறுபடி ஏறிக்கொள்ளும்.

போன ஈற்றில் ஊசி போட்டோம்.
ஊசிக்கு நின்றது,
ஊசி நின்றதும் வந்தது.
டாக்டர் மணிமொழி இந்த முறை பெட்டியைத் திறக்கவில்லை.
"கெட்டதைக் கொல்லுறோம்னு
குடல்ல குடியிருந்த நல்லதையும் காலி பண்ணிட்டோம்க்கா.
இனி நாமதான் குடியேத்தோணும்."
வெள்ளித்தாள் உறை ஒன்றைக் கொடுத்தாள்.
கிராமுக்கு நூறு கோடி உயிர்
என்று அதன்மேல் அச்சடித்திருந்தது.
சீட்டுக்காரன் கணக்கைப் போல
நம்பியும் நம்பாமலும் வாங்கினேன்.

வேளை தவறாமல் குழாயடியில் தண்ணி பிடித்து
நாளுக்கு ஐந்து கிராம், போசியில் கரைத்து,
மூன்று நாள் வைத்தேன்.
நாலாம் நாள் ஒன்று செத்தது.
காதில் கறுப்பு மச்சம் இருந்த பெட்டை.

போனில் மணிமொழி கேட்டது ஒன்றுதான்:
"எந்தத் தண்ணிங்க்கா?"

பிளீச்சிங் பவுடர் தண்ணி.
அந்த வாரந்தான் சென்னியப்பன்
டேங்கைக் கழுவி, மனசார
ரெண்டு கை கூடப் போட்டிருக்கிறான்.

ஆக, மூன்று நாளில்
ஆயிரத்து ஐந்நூறு கோடி.
கையில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை.
போசியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

இப்போது போர்த்தண்ணி.
வாயில் வைத்தால் உப்பு, அவற்றுக்குப் பரவாயில்லையாம்.
விரல் விட்டால் சுடாத சூடு.
கலந்த சூட்டோடு
மக்காச்சோள மாவில் பிசைந்து வைக்கிறேன்.
மூக்கால் தள்ளி, தொட்டியில் ஏறி நின்று,
ஒன்றின் முதுகில் ஒன்று மிதித்துத் தின்கின்றன.

ஃபிரிட்ஜில் இரண்டு உறை பக்கத்துப் பக்கத்தில்.
நாளைத் தயிருக்கு டம்ளரில் ஒன்று,
குட்டிகளுக்கு வெள்ளித்தாளில் ஒன்று.
வீட்டுக்காரர் திறந்தார், பார்த்தார், மூடினார்.
மோர் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை.

மாசி நோம்பி கழிந்த மறுநாள் கார் வந்தது.
கண்ணாடி முழுசாக இறங்கியது.
"எங்கூட்டுல பாலு உறையவே மாட்டேங்குது.
ஒரு கரண்டி உறை இருந்தாக் குடு."
இறங்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.
டம்ளரில் இருந்துதான் கொடுத்தேன்.
மூடியைத் திறந்து
இரண்டு தரம் மோந்து பார்த்தாள்.

ரவைக்கு டார்ச் அடித்துக் குனிகிறேன்.
பதினோரு வாலடி, காய்ந்து.
விட்டை உருண்டை பிடித்திருக்கிறது.
இதற்கெல்லாமா ஒருத்தி
தனியாக நின்று சிரிப்பாள்,
கொசு பிடுங்கப் பிடுங்க.