நாற்பத்தொன்று

செவ்வாய் காலை பத்தரைக்கு வரும் அந்தக் குழாய்.
ஊதா மூடி. எண் நாற்பத்தொன்று.
பெயர் எனக்குத் தெரியக்கூடாது; விதி அப்படி.

ஆனால் போன வாரம் கிளமெண்டியில்
புளோக் கீழ்த்தளச் சாவுக் கூடாரத்தைக் கடக்கையில்
படத்தில் சிரித்தவரின் தாடையில்
அதே காப்பிநிற மச்சம்.
முதல் ஊசியின்போது
மலாயில் "வலிக்குமா?" என்று கேட்ட டாக்சிக்காரர்.
குவெக்காம்.
ஞாயிறன்று மண்டாயில் எரித்தார்கள்.

செவ்வாய். பத்தரை.
நாற்பத்தொன்று வந்தது.
உள்ளங்கையில் இன்னும் சூடு.

யாரிடமும் சொல்லவில்லை.
மீந்த துளியில் வகை பார்த்தேன்:
முதல் நாள் பதிவில் ஓ.
இது ஏபி.
ஈரல் எண்கள் மட்டும் அத்தனை அழகு.
செத்தவருக்கு
மருந்து நன்றாகவே வேலை செய்கிறது.

கோப்பில் "நலம்" என்றிருந்தது,
வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில்.

இரவு பதினொன்று.
உறைபெட்டிகள் முனகும் ஐந்தாம் தளம்.
போன மாதக் குழாய் ஒன்றைக்
காலுறைக்குள் செருகி மின்தூக்கியில் ஏறினேன்.
மூடப்போன கதவுக்கு நடுவே
ஒரு கை.

டாக்டர் செரீன் லோ.
சட்டையை முழங்கைக்கு மேல் மடித்திருந்தார்.
மடிப்பில் வட்டமாய்ப் பஞ்சு,
ஓரம் காய்ந்து பழுப்பு.

மைனஸ் எண்பது கணுக்காலைச் சுட்டது.
முகம் மாறாமல் நின்றேன்.
நான்கு. மூன்று.

"நாற்பத்திரண்டாம் ஆளும் நேற்றுப் போய்விட்டார்,"
கதவைப் பார்த்தபடியே சொன்னார்.
இரண்டு.
"உன் ரத்தம் என்ன வகை?"