இதர செலவு

பீப்பாய் முந்நூற்றைம்பது.
காவேரிப்பட்டினம் ரோட்டில்
மாங்கூழ் கம்பெனி வாசலில் வாங்கியது.
மூன்று தரம் கழுவியும்
உள்ளே தலையை விட்டால்
இன்னும் தோத்தாபுரி வாசம்.

ஏர்கூலர் மோட்டார் இருநூற்றெண்பது.
முக்கால் இஞ்சு பைப், ரெண்டு எல்போ, ஒரு டேங்க் நிப்பிள்
நூற்றுப் பதினைந்து, பில் கிடையாது.
ஜல்லி சும்மா வந்தது.
பர்கூர் கிரானைட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவளுக்கு
உடைந்த கல்லுக்கா பஞ்சம்?
ஆனாலும் சாக்குக்கு ஒரு கல் எடுத்து
வினிகர் விட்டுப் பார்த்தேன்.
பொங்கினால் சுண்ணாம்பு, ஆகாது.
பொங்கவில்லை.
கறுப்பாக, வாயே திறக்காமல் இருந்தது.

அறுத்துக் கொடுத்தவன் ஜோகேஷ்வர்.
பாலிஷ் மெஷினில் நிற்பவன், ஊர் ஒடிசாவில் எங்கோ.
மேலே மூன்றில் ஒரு பங்கு செடிக்கு
மீதி மீனுக்கு என்று சாக்பீஸில் கோடு போட்டேன்.
கோட்டை விட்டு நூலளவு விலகவில்லை பிளேடு.
காசு வேண்டாமென்று தலையாட்டிவிட்டு
பீப்பாய் மூடியை மட்டும் கேட்டு வாங்கிப் போனான்,
குளிக்கிற இடத்தில் சேறாம், நிற்பதற்கு.

அணையில் பச்சியப்பனிடம் இருபது ஜிலேபிக் குஞ்சு.
அன்றைக்கே விட்டேன். அதுதான் தப்பு.
புதன்கிழமை நாலு மிதந்தது.
வெள்ளிக்கிழமை பதினொன்று.
ஞாயிற்றுக்கிழமை நான் எண்ணவில்லை,
கழித்தால் வந்துவிடுகிற கணக்குதானே.
காம்பவுண்டுக்கு மேலே முனிரத்தினத்தின் தலை:
"சந்தையில கிலோ நூத்தி நாப்பது, தெரியுமில்ல?
மோட்டார் கரண்டு தனியா குடுத்துடும்மா."

வாடகைக்கு இருப்பவள் பதில் பேசுவதில்லை.
பீப்பாயைத்தான் முகர்ந்தேன்.
மாம்பழம் போயிருந்தது.
மூக்கைச் சுடுகிற வேறொன்று வந்திருந்தது.

"பச்சைத் தண்ணியில விட்டா சாவாம என்ன பண்ணும்?"
பச்சியப்பன் சிரித்தார். இந்த முறை இரண்டே இரண்டு கொடுத்தார்.

முப்பத்து நாலு நாள்.
மீன் கழித்ததை ஒரு கூட்டம் தின்று
வேறொரு நஞ்சாக்கும்.
அந்த நஞ்சை இன்னொரு கூட்டம் தின்று
உரமாக்கும்.
இரண்டு கூட்டமும் கண்ணுக்குத் தெரியாது.
கல்லைத் தொட்டால் ஒரு வழுவழுப்பு, அவ்வளவுதான்.
காலையில் ஒரு சிட்டிகைத் தீனி,
சாயங்காலம் ஒரு பக்கெட் தண்ணீர் மாற்றுவது.
தண்ணீர் ஏறும், ஜல்லி நனையும்,
வளைந்த பைப் கடைசி மடக்கை
டீக்கடையில் உறிஞ்சுவதுபோல் உறிஞ்சும்.
மறுபடி ஏறும்.

எங்கள் மஸ்டர் ரோலில் இருபத்திரண்டு பெயர்.
மெஷினில் நிற்பது முப்பத்தொன்பது பேர்.
பதினேழு பேரை மாதக் கடைசியில்
இதர செலவு என்று ஒரே வரியில் எழுதுகிறேன்.
முதலாளி அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்.

ஆடி மாதம் ஒருநாள் ராத்திரி கரண்டு போனது.
மோட்டார் நின்ற அமைதியில் எழுந்துவிட்டேன்.
மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.
சொம்பால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன்,
மொண்டு ஊற்றினேன்,
ரெண்டே கால் மணி வரைக்கும்.
நைட்டி முழுக்க மீன் நாற்றம்.

இன்றைக்குப் புதினா பறித்தேன். ஒரு கைப்பிடி.
தண்டு கொஞ்சம் மெலிவு,
வாசம் மட்டும் சந்தைப் புதினாவைவிடக் காரம்.

நோட்டை எடுத்து வரவு செலவு எழுத உட்கார்ந்தேன்.
பீப்பாய், மோட்டார், பைப்,
செத்த மீன் இருபது, இருக்கிற மீன் இரண்டு.
அறுத்த கூலி என்று எழுதி
எதிரே
இ
என்று ஆரம்பித்த கையை எடுத்துவிட்டேன்.

ஜோகேஷ்வர்.
அப்பன் பேர் தெரியாது.
இனிஷியலுக்கு இடம் விட்டிருக்கிறேன்.
நாளைக்கு ஷிப்ட் மாறுவதற்குள் கேட்க வேண்டும்.