நூற்றுப் பதினேழாம் இழுப்பறை

வெளியே மைனஸ் இருபத்தாறு.
உள்ளே, பொருள்களின் உடல்நலத்துக்காக
எப்போதும் பதினெட்டு.
கையுறை மாட்டிக்கொண்டு இழுப்பறையைத் திறக்கிறேன்.

கலைமான் கொம்பில் பிடி போட்ட கத்தி.
பிர்ச் மர முடிச்சைக் குடைந்து செய்த கோப்பை.
குழந்தையின் ஒற்றைக் காலணி,
உள்ளே திணித்த புல்லுக்கு இன்னும் லேசாய் வாசனை.
ஒவ்வொன்றிலும் நூல் கட்டிய சீட்டு:
லாப் கத்தி. லாப் கோப்பை.
லாப் குழந்தையின் காலணி.

ஸ்வீடன் மொழியில்
ஒட்டுத்துணிக்கும் இதே சொல்.
சீட்டுக்கும் இதே சொல்.
ஆக,
லாப்பில் இருக்கும் லாப்பை அடித்துவிட்டு
சாமே என்று எழுதுவது என் வேலை.
மணிக்கு நூற்று அறுபது குரோனர்.

"எழுதியவர் என் கொள்ளுத்தாத்தா" என்கிறாள் குன்வோர்.
"பாதிரியார். நல்ல மனிதர்.
வசையாக நினைத்து எழுதியிருக்க மாட்டார்."

உண்மைதான்.
அந்தக் கையெழுத்தில் கோபமே இல்லை.
வால் நீண்ட எழுத்துகள், பழுப்பு மை,
ஒரு துளிகூடச் சிந்தவில்லை.
அதே மை, அதே ஆண்டு, அடுத்த அலமாரியில்
ஒரு நீள நோட்டு:
பெயருக்குக் கட்டம் இல்லை.
தலையின் அகலத்துக்கு உண்டு, மில்லிமீட்டரில்.
மேலே தலைப்பாக அதே சொல்,
அங்கேயும் கோபமில்லாமல்.

ஐந்தாம் வகுப்பில் பெர்-ஊலோப்
என் ஜாக்கெட்டின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டினான்.
நாலே எழுத்து.
பேருந்தில் பதினோரு நிறுத்தம்.
பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள்,
நானும் சேர்ந்து சிரித்தேன், எதற்கென்று தெரியாமல்.
வீட்டில் அம்மா உரித்தெடுத்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
பின்பக்கம் வெற்றாக இருந்ததால்
உப்பு, காபி, விளக்குத் திரி
என்று எழுதிக் கடைக்குக் கொண்டுபோனாள்.

அகராதிக்குப் பதினோரு நிறுத்தமும் தெரியாது.
அது கேட்கிறது: இந்தச் சொல்லில் என்ன தப்பு?

அப்பாவிடம் கேட்டால் வேறு கதை.
வரி அலுவலகத்துக்குப் போன் போட்டு
"இந்தக் கிழட்டு லாப்பின் கணக்கைப் பார்" என்பார்.
நான் முறைத்தால்
என் சொல், நான் தின்கிறேன் என்பார்.
ஆனால் பெட்ரோல் பங்கில் யாரோ ஒருவன்
அதே சொல்லை, அதே சிரிப்போடு சொன்னபோது
கையிலேயே இருந்த கையுறையை
நெடுநேரம் தேடிக்கொண்டிருந்தார்.

குன்வோர் மூன்றாவது காபியோடு வருகிறாள்.
"இந்தப் புதுச் சொல்லும் ஒருநாள் கெட்டுப்போனால்?"
போகலாம்.
சட்டி கழுவாமல் பால் மாற்றினால்
புதுப்பாலும் திரியும்.
ஆனால் இது புதுசில்லை குன்வோர்.
இந்தக் கத்திக்கு முன்பே இருந்தது,
அந்தக் கோப்பைக்கு முன்பே இருந்தது.
உன் கொள்ளுத்தாத்தா எதிரே உட்கார்ந்து
அதே கோப்பையில் குடித்தபோதும்
எதிரில் இருந்தவன் வாயில் இருந்தது.
நீங்கள் யார் என்று கேட்டிருந்தால்
சொல்லியிருப்பான்.

அவள் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன் போல.

பழைய சீட்டுகளைக் கிழிக்கக்கூடாது, விதி அப்படி.
அமிலமில்லாத உறையில் போட்டு
பொருளுக்கு அடியில் வைக்கிறேன்.
காலணிக்கு மட்டும்
விதியில் இல்லாத ஒரு வரி சேர்த்தேன்:
அணிந்த குழந்தையின் பெயர் கேட்கப்படவில்லை.

மூன்று மணிக்கே இருட்டு.
வண்டி நிறுத்தத்தில் எனக்கு முன்னால் போன குன்வோர்
திரும்பிக் கத்துகிறாள்:
"ரிஸ்தென்! உன் கண்ணாடியில் ஒரு லா—"
வாய் திறந்தபடி நிற்கிறாள்.
பாதிச் சொல் வெள்ளை ஆவியாய்
எங்கள் இருவருக்கும் நடுவில்.
"ஒரு... காகிதம்" என்கிறாள்.

அபராதம். நானூறு குரோனர்.
அது லாப்தான், குன்வோர், என்றேன்.
அதைச் சொல்லலாம்.