ஃபிர்மா

கொரீட்சியாவில், பொத்தான் தொழிற்சாலையின்
கடைசி அறை. மேசைக்கு ஒரு கால் குட்டை.
மொழிபெயர்க்க வந்தவள் நான்,
மணிக்கு இவ்வளவு என்று கூலி.

"ஃபிர்மா" என்றார் நோட்டரி நெரீனா,
விரல்நுனியைப் புள்ளிக்கோட்டில் வைத்து.
இத்தாலியனில் அது கையெழுத்து.

உல்ரீக்கே காதில் விழுந்தது கம்பெனி.
ஜெர்மன்காரிக்கு வேறெப்படி விழும்?
முப்பத்தோரு வருஷம், கோட்டுப் பொத்தான்,
சட்டைப் பொத்தான், பாதிரி அங்கிக்கு முப்பத்து மூன்று பொத்தான்.
"அதுதான் போயிற்றே,
இன்னும் எதைக் கேட்கிறாள்?" என்றாள் என்னிடம்.

சன்னலுக்கு வெளியே ஏணிமேல் தோரெல்,
ருமேனியாக்காரன்,
பல்லிடுக்கில் திருகாணியோடு எட்டிப் பார்த்தான்.
"ஃபிர்மாதானே? கழற்றிக்கொண்டே இருக்கிறேன்!"
அவனுக்கு அது பெயர்ப்பலகை.
முதல் இரண்டு எழுத்து
ஏற்கெனவே தரையில்.

அப்போது பார்த்து மகள் போன்.
நார்மண்டியில் பண்ணை வாங்கியிருக்கிறாளாம், ஃபெர்ம்.
பிரெஞ்சில் பண்ணையும் அதுதான்,
'மூடுகிறது' என்பதும் அதுதான்.
இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

லத்தீன் வேருக்கு 'உறுதியாக்கு' என்று பொருள்.
அதையும் சொல்லவில்லை.
கூலிக்குள் அடங்காது.

உல்ரீக்கே பேனாவை ஊன்றினாள்.
மேசை ஆடியதில்
பெயரின் வால் கோட்டைத் தாண்டி ஓடிற்று.

தோரெல் இறங்கி வந்தான்.
அட்டைப்பெட்டி மூலையைக் கிழித்து, நாலாக மடித்து,
குட்டைக் காலுக்கு அடியில் செருகினான்.
"இன்னொரு பிரதி" என்றார் நெரீனா.

இந்தத் தடவை மேசை ஆடவில்லை.
கைதான்.